கடைசி 2,000 ஆர்பிஎம்முக்கு எவ்வளவு தரலாம்? கார்வெட், ஜிடி3, ஜிடி-ஆர்: ஒரு கணக்கு

செவர்லே தன் கார்வெட் காரை வெவ்வேறு எஞ்சின்களோடு விற்கிறது. அடிப்படை மாடலான ஸ்டிங்ரேயில் இருப்பது எல்டி2 என்ற 6.2 லிட்டர் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போட்டால் 495 ஹெச்பி (குதிரைத்திறன்), 637 என்எம் டார்க் (சுழற்றும் விசை). விலை கூடிய மாடலான இசட்06-இல் இருப்பது எல்டி6 என்ற 5.5 லிட்டர் வி8. 670 ஹெச்பி, 623 என்எம் டார்க்.

டார்க் எண்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். விலை கூடிய எஞ்சினில் டார்க் குறைவு. அப்படியானால் கூடுதலாக வந்த 175 ஹெச்பி எங்கிருந்து வந்தது? வேகமாகச் சுற்றுவதிலிருந்துதான். ஹெச்பி என்பது டார்க்கை ஆர்பிஎம்மால், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையால், பெருக்கி வரும் கணக்கு, அவ்வளவே. எல்டி2 தன் உச்ச சக்தியை 6,450 ஆர்பிஎம்மில் தருகிறது. எல்டி6 அதை 8,400-இல் தருகிறது. நடுவில் இருக்கிற அந்த ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம்முக்காக, இசட்06 சந்தைக்கு வந்த 2023 மாடல் ஆண்டில், ஸ்டிங்ரேயைவிடச் சுமார் 40,000 டாலர் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் அகலமான டயர், பெரிய பிரேக், விரிந்த பாடி எல்லாம் சேர்த்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இசட்06 வாங்குகிறவர் எஞ்சினுக்காகத்தான் வாங்குகிறார்.

எழுபதாயிரம் டாலரிலிருந்து இரண்டு லட்சம் டாலர் வரை செலவழிக்கத் தயாராக இருக்கும் ஒருவர் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: மேலே உள்ள அந்த ஆர்பிஎம் தனக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் அதற்கு எவ்வளவு தரலாம். இங்கே விலைகளெல்லாம் அமெரிக்க விலைகள். கார்வெட், போர்ஷே 911 ஜிடி3, நிஸான் ஜிடி-ஆர் என்ற மூன்று கார்களும் அக்கம்பக்கத்தில் நின்று விற்ற சந்தை அதுதான். இந்தியாவின் இறக்குமதி வரியைச் சேர்த்தால் கணக்கு மொத்தமும் வேறாகிவிடும், அது தனிக் கதை.

லிட்டருக்கு எத்தனை ஹெச்பி என்ற பழைய சண்டை

எஞ்சின் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது லிட்டர் கணக்கு. எல்டி2 லிட்டருக்கு 80 ஹெச்பிதான் தருகிறது. போர்ஷே 911 ஜிடி3-யின் 4.0 லிட்டர் எஞ்சின் 502 ஹெச்பி, அதாவது லிட்டருக்கு 125. நிஸான் ஜிடி-ஆரின் 3.8 லிட்டர் இரட்டை டர்போ 565 ஹெச்பி, லிட்டருக்கு ஏறக்குறைய 149. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்க எஞ்சினை ஆதிகாலத்துச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

லிட்டர் கணக்கு இவ்வளவு மதிப்புப் பெற்றதற்கு வரியும் ஒரு காரணம். ஜப்பானில் ஆண்டுதோறும் கட்டும் வாகன வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறும். இத்தாலியில் ஒரு காலத்தில் 2 லிட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பனை வரி மிக அதிகம். அந்த வரிக்காகவே ஃபெராரி 208 என்று 2 லிட்டர் வி8 செய்து விற்றது. அப்படிப்பட்ட நாட்டில் சிறிய எஞ்சினிலிருந்து அதிக சக்தி எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அமெரிக்காவில் கொள்ளளவுக்கு அப்படி வரி இல்லை. ஆகவே அங்கே சிலிண்டரைப் பெரிதாக்குவதுதான் சக்தி கூட்டுவதற்கு மலிவான வழி. இரண்டு பக்கமும் பொறியாளர்கள்தான் இருந்தார்கள், அவர்களுக்குக் கிடைத்த நிபந்தனைகள் வேறு.

வாங்குகிறவருக்கு லிட்டரால் ஆவது ஒன்றுமில்லை. எஞ்சினின் எடை, உயரம், விலை, ஆயுள், மிதித்ததும் அது நடந்துகொள்கிற விதம், இவைதான் அவருக்கு வேண்டும். இந்தக் கண்ணோட்டத்தில் எல்டி2-வைப் பார்த்தால் படம் மாறுகிறது.

எல்டி2 புஷ்ராட் எஞ்சின். வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒரே ஒன்று, அதிலிருந்து நீண்ட தண்டுகள் மேலே போய் 16 வால்வுகளைத் திறக்கும். நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு உள்ள எஞ்சினோடு ஒப்பிட்டால் நகரும் பாகங்கள் மிகக் குறைவு. சிலிண்டர் தலைக்கு மேல் கேம்ஷாஃப்ட் இல்லாததால் எஞ்சின் தாழ்வாக உட்காரும். ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைக்கிற காரில் இது சின்ன விஷயமில்லை: எடை தரைக்கு நெருக்கமாக இருக்கும். குறை என்னவென்றால் அந்தத் தண்டும், வால்வை அழுத்தும் ராக்கர் என்ற நெம்புகோலும் சேர்ந்த எடை. வேகம் கூடக் கூட வால்வு ஸ்பிரிங் அந்த எடையைக் கட்டுப்படுத்தத் திணறும். அதனால் 6,600-இல் ரெட்லைன், அதாவது சுற்றும் வேகத்தின் உச்ச வரம்பு, போட்டுவிட்டார்கள்.

அமைப்பு பழையது, 1955-இல் வந்த 4.3 லிட்டர் ஸ்மால் பிளாக்கின் வாரிசு. ஆனால் நேரடி எரிபொருள் செலுத்தம், வால்வு நேரத்தை மாற்றும் வசதி, உலர்ந்த எண்ணெய்த் தொட்டி, மெதுவாகப் போகும்போது நான்கு சிலிண்டரை உறங்க வைக்கும் ஏற்பாடு எல்லாம் இதில் இருக்கிறது. 2020 மாடலாக வந்தபோது இந்தக் காரின் ஆரம்ப விலை 59,995 டாலர், அதாவது ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் இல்லாத 490 ஹெச்பிக்குக் கணக்கிட்டால் ஒரு ஹெச்பிக்கு 122 டாலர். இப்போது 70,000-ஐ ஒட்டி வந்துவிட்டது. இசட்51 என்ற கூடுதல் பேக்கேஜோடு 60 மைல் வேகத்தை 2.9 விநாடியில் தொடுகிறது. பழைய எஞ்சின் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இதே விலையில் இதைச் செய்யும் இன்னொரு புதிய காரைக் காட்டட்டும்.

எல்டி6: காசு எங்கே போனது

இசட்06-இன் எஞ்சின் முற்றிலும் வேறு ஜாதி. ஃபெராரி 458-இன் எஞ்சினை அளவுகோலாக வைத்துக்கொண்டு இதை உருவாக்கினார்கள். ஃபெராரியே 2015-இல் 488 மூலம் டர்போவுக்குப் போய்விட்ட பிறகு, அது விட்டுப்போன இடத்தைக் கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் தொழிற்சாலை பிடித்துக்கொண்டது என்பது ஒரு வேடிக்கை. இதன் பந்தய வடிவம் 2020 ஜனவரியிலேயே டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் சி8.ஆர் காரில் ஓடியது. சாலைக் கார் அதற்குப் பிறகுதான் அறிவிக்கப்பட்டது.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க்ஷாஃப்ட். சாதாரண அமெரிக்க வி8-இல் அதை முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல இருக்கும். எல்டி6-இல் அது ஒரே கோடு, 180 டிகிரி. இதை ஃப்ளாட் பிளேன் என்பார்கள். இதனால் இடது, வலது வரிசைகள் மாறி மாறி வெடிக்கின்றன. புகை சீரான இடைவெளியில் வெளியேறுவதால் ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியை மறிப்பதில்லை. கிராங்கில் கனமான எதிர் எடைகளும் தேவையில்லை, எனவே சட்டென்று வேகம் ஏறும். அமெரிக்க வி8-க்கே உரிய அந்தக் கடகட சத்தம் இதில் கிடையாது, ஐரோப்பியக் கீச்சுக் குரல்தான். விலை என்னவென்றால் அதிர்வு. இந்த அமைப்பில் பிஸ்டன்கள் நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் குலுங்கும். அதனால்தான் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை 80 மில்லிமீட்டருக்குள் அடக்கி, சிலிண்டர் விட்டத்தை 104.25 மில்லிமீட்டராக விரித்திருக்கிறார்கள்.

இன்னும் கிட்டத்தில் போய் வால்வைப் பாருங்கள். சாதாரண எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு சின்ன உருளை தானாகவே சரிசெய்துகொள்ளும். நமக்குக் கவலையில்லை. ஆனால் 8,000-க்கு மேல் அந்த உருளையே சுமை. எல்டி6-இல் அதைத் தூக்கிவிட்டு, விரல் போன்ற ஒரு மெல்லிய நெம்புகோலை வைத்து, இடைவெளியை வெவ்வேறு தடிமனுள்ள ஷிம் தகடுகளால் தொழிற்சாலையிலேயே அளந்து பூட்டிவிடுகிறார்கள். 32 வால்வுக்கும் தனித்தனியாக. எஞ்சினின் ஆயுள் முழுக்க அதைத் திறக்க வேண்டியதில்லை என்பது கணக்கு. ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே ஆள் முழுதாகக் கோத்து முடித்துத் தன் பெயர்ப் பட்டையை ஒட்டுகிறார். இந்த வேலைக்கெல்லாம் நேரம் பிடிக்கும், நேரம் என்றால் கூலி. அந்த நாற்பதாயிரத்தில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிந்தே செலவாகிறது.

இசட்06-இன் அறிமுக விலை 1,06,395 டாலர், ஒரு ஹெச்பிக்கு 159. இப்போது 1,10,000-ஐத் தாண்டிவிட்டது. அதே 458 புதிதாக விற்ற காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தது, 562 ஹெச்பிதான். எஞ்சினுக்காக மட்டும் கார் வாங்குகிற ஆளுக்கு இதைவிட லாபமான பேரம் இன்று புதிய கார்களில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் டீலர்கள் பட்டியல் விலைக்கு மேல் ஐம்பதாயிரம், அதற்கும் மேல் கேட்டார்கள். கார் வாங்கி ஒரு வருடம் விற்காமல் வைத்திருந்தால் 5,000 டாலர் மதிப்புள்ள ரிவார்டு புள்ளிகள் தருகிறேன் என்று ஜெனரல் மோட்டார்ஸே கெஞ்சும் நிலை வந்தது. அப்படி மேல் விலை கொடுத்தவர்களுக்கு நான் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

ஜிடி3: ஹெச்பிக்குக் காசு கொடுப்பதில்லை

992 என்று போர்ஷே அழைக்கும் தலைமுறையின் ஜிடி3 அமெரிக்காவில் 2022 மாடலாக 1,61,100 டாலருக்கு வந்தது. ஒரு ஹெச்பிக்கு 321 டாலர். ஸ்டிங்ரேயைப் போல இரண்டரை மடங்கு. 2025-இல் புதுப்பித்தபோது ஆரம்ப விலை 2,22,500-க்குப் போனது. ஹெச்பி? அதே 502. டார்க் 470 என்எம்மிலிருந்து 450-க்கு இறங்கிவிட்டது, புகைக் கட்டுப்பாடுதான் காரணம். ஹெச்பி கணக்கில் மட்டும் பார்த்தால் இதை வாங்குகிறவருக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும்.

சரி, இப்போது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் எடுத்த நேரத்தைப் பாருங்கள். 20.8 கிலோமீட்டர் சுற்றை 2022 ஜிடி3 6 நிமிடம் 59.9 விநாடியில் முடித்தது. செவர்லே 2025-இல் வெளியிட்ட இசட்06-இன் நேரம் 7 நிமிடம் 11.8 விநாடி. போர்ஷேயை ஓட்டியவர் பந்தய அனுபவமுள்ள சோதனை ஓட்டுநர், கார்வெட்டை ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் பொறியாளர். அதற்குச் சில விநாடிகளைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும், 168 ஹெச்பி குறைவான கார் பின்தங்கவில்லை. மேனுவல் கியர் ஜிடி3-யின் எடை 1,418 கிலோ. இசட்06 எண்ணெய், பெட்ரோல் எதுவும் ஊற்றாமலே 1,558 கிலோ. முன் சக்கரங்களுக்குப் பந்தயக் காரில் இருப்பதுபோல் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், 911 சாலைக் காரில் முதல் முறையாக. நீங்கள் கொடுக்கும் பணம் அங்கே போகிறது.

எஞ்சினும் சும்மா இல்லை. 9,000 ஆர்பிஎம்மில் அதன் பிஸ்டன்கள் சராசரியாக விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. எல்டி6-இல் அது 23-ஐ ஒட்டி, எல்டி2-வில் 20. இந்த மூன்று எண்களை நான் லிட்டர் கணக்கைவிட அதிகம் நம்புகிறேன். இரும்பும் அலுமினியமும் எவ்வளவு சிரமப்படுகின்றன என்பதை இவை நேராகச் சொல்கின்றன. ஆறு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் ஆறு தனித் த்ராட்டில் வால்வுகள், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணம் பதில் வரும். மற்ற 911-களில் பெரும்பாலானவை 2015-க்குப் பிறகு டர்போவுக்கு மாறிவிட்டதால் இந்த உணர்வுக்கு வேறு புது 911 அதிகம் மிச்சமில்லை. வேண்டுமென்றால் ஆறு கியர் மேனுவலும் உண்டு, கூடுதல் காசில்லாமல். நடு எஞ்சின் கார்வெட்டில் மேனுவல் அறவே கிடையாது.

போர்ஷே என்றால் எதுவும் ஆகாது என்ற பக்தியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2014-இல், அன்றைய புதிய ஜிடி3-களில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து இரண்டு கார்கள் தீப்பிடித்தன. போர்ஷே அந்த 785 கார்களின் எஞ்சினையும் மொத்தமாக மாற்றிக்கொடுத்தது. கார்வெட் பக்கமும் கதை உண்டு: 2025-இல் இசட்06, இசட்ஆர்1 கார்களை, பெட்ரோல் போடும்போது சிந்தினால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு என்று ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. வாரன்டியிலும் வித்தியாசம் இருக்கிறது. போர்ஷே நான்கு வருடம் அல்லது 50,000 மைல் முழுக் காருக்கும் தருகிறது. செவர்லே முழுக் காருக்கு மூன்று வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஐந்து வருடம் அல்லது 60,000 மைல்.

ஜிடி3-யின் விலையைப் பற்றி இன்னொன்று. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வருகிறது. பட்டியல் விலைக்கே கிடைத்தவர்கள் சில வருடம் ஓட்டிவிட்டு அதே விலைக்கும், அதற்கு மேலும் விற்றிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் விலைக்குக் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. முன்பே நாலைந்து போர்ஷே வாங்கிய வாடிக்கையாளருக்குத்தான் டீலர் முதலில் கொடுப்பார்.

ஜிடி-ஆர்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2007 டோக்கியோ கண்காட்சியில் அறிமுகமாகி அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 69,850 டாலருக்கு வந்தபோது ஜிடி-ஆர் உலகத்தையே கலக்கியது. நான்கு சக்கர இழுவை, பின்னால் வைத்த கியர்பாக்ஸ், யோகோஹாமாவில் கையால் கோத்த எஞ்சின். அதன் சிலிண்டருக்குள் இரும்புக் குழாய் கிடையாது, 0.15 மில்லிமீட்டர் உலோகப் பூச்சை பிளாஸ்மாவில் தெளித்திருக்கிறார்கள். எடையும் குறைகிறது, சூடும் வேகமாக வெளியேறுகிறது. 2024-இல் அதே கார் 1,20,990 டாலர். ஹெச்பி 480-இலிருந்து 565 ஆகியிருந்தது, காரின் உள்ளே உட்கார்ந்தால் 2007-தான். அந்த விலைக்கு நான் இசட்06 பக்கம்தான் போவேன். 2025 ஆகஸ்டில் உற்பத்தியும் நின்றுவிட்டது.

ஆனால் செகண்ட் ஹேண்டில் இது வேறு கார். டர்போ எஞ்சின் என்பதால் கம்ப்யூட்டர் நிரலை மாற்றியே சக்தியைக் கணிசமாக ஏற்றலாம், அடிப்படை எஞ்சினும் அதைத் தாங்கும். தாங்காதது கியர்பாக்ஸ். முதல் ஆண்டுக் கார்களில், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் லாஞ்ச் கன்ட்ரோலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவர்களுக்குக் கியர்பாக்ஸ் உடைந்தது, வாரன்டித் தகராறும் வந்தது. நிஸான் பிறகு நிரலை மாற்றியது. யாரோ சக்தி ஏற்றி ஓட்டிய ஜிடி-ஆர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எதை எடுப்பது

வாரநாள் ஆபீஸ், வார இறுதியில் மலைச்சாலை, வருடத்துக்கு ஒருமுறை பந்தயப் பாதை. இப்படிப்பட்டவர் ஸ்டிங்ரேயோடு நிறுத்திக்கொள்ளலாம். 5,150 ஆர்பிஎம்மில் உச்ச டார்க் தரும் எஞ்சின் தெருவில் எப்போதும் தயாராக நிற்கும். இசட்06 அதன் உச்ச டார்க்கை 6,300-இல்தான் தருகிறது, சிக்னலிலிருந்து கிளம்பி அந்த இடத்தைத் தொடுவதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். ஜிடி3-யை இரண்டாம் கியரிலேயே 9,000 வரை இழுத்தால் பல மாநிலங்களின் நெடுஞ்சாலை வேக வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். லைசென்ஸைக் காப்பாற்ற நினைக்கிறவர் அந்தக் கடைசி 2,000 ஆர்பிஎம்மைச் சாலையில் தொடவே போவதில்லை. மிச்சமாகும் நாற்பதாயிரத்தில் பல வருட டயர், பிரேக், இன்சூரன்ஸ் அடங்கிவிடும்.

மாதம் ஒருமுறையாவது பந்தயப் பாதைக்குப் போகிறவர், அந்தச் சத்தத்துக்காகவே காலையில் எழுகிறவர் என்றால் இசட்06. பட்டியல் விலைக்கு, ஒரு டாலர் கூடக் கொடுக்காமல். பின் டயர் 345 மில்லிமீட்டர் அகலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செட் மாற்றும்போது பில் அதற்கேற்ற அகலத்தில் வரும்.

இன்னும் சக்தி வேண்டும் என்பவருக்கு டர்போ பூட்டிய இசட்ஆர்1 இருக்கிறது. 1,064 ஹெச்பி, 2025 மாடலாக வந்தபோது ஆரம்ப விலை 1,74,995 டாலர். ஒரு ஹெச்பிக்கு 164 டாலர், இசட்06-இன் அறிமுக விலையை ஒட்டிய கணக்குத்தான். நியாயமான விலைதான், ஆனால் அந்தச் சக்தியில் பாதியைக்கூட என்னால் பயன்படுத்த முடியும் என்று தோன்றவில்லை.

மேனுவல் வேண்டும், பத்து வருடம் வைத்திருப்பேன், பணத்தைக் காரில் போட்டு வைப்பதில் கவலையில்லை என்பவர் மட்டும் ஜிடி3 பக்கம் போகலாம். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் புதியது வாங்குவதைவிட, 2022 அல்லது 2023 காரை நல்ல வரலாற்றோடு தேடுவது மேல். எஞ்சினும் ஹெச்பியும் அதேதான், டார்க்கும் கொஞ்சம் அதிகம். மேனுவல் காராக இருந்தால் விலை பேசும் முன் டீலரிடம் எஞ்சின் கம்ப்யூட்டரின் ஓவர்-ரெவ் அறிக்கையைக் கேளுங்கள். எஞ்சின் தன் வரம்பைத் தாண்டிச் சுற்றியதை ஆறு படிகளாகப் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பது வரை அது பதிந்து வைத்திருக்கும். கீழ்ப்படிகளில் எண்கள் இருப்பது சகஜம், யாரோ ரெட்லைன் வரை ரசித்து ஓட்டியிருக்கிறார். நான்கு, ஐந்து, ஆறாம் படிகளில் எண் இருந்தால் யாரோ வேகத்தில் போகும்போது நான்காம் கியருக்குப் பதிலாக இரண்டாம் கியரைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் காரை விட்டுவிடுங்கள். அறிக்கையைக் காட்ட மறுத்தாலும் அப்படியே.